குருவி விரட்டப் போன பாட்டு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள பொது நூலகம் 2014-ல் ஒரு காரியம் செய்தது. ஊரே ஒரு காலத்தில் காதைப் பொத்திக்கொண்ட சத்தத்தைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தது. அதற்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். 1980 வாக்கில் அந்த ஊர்ப் பையன்கள் வீட்டுக்கு அடியிலிருக்கும் அறைகளிலும் சின்னச் சின்ன அரங்குகளிலும் போட்ட கூச்சல். ஒரு பாட்டு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அதற்குள் அரசாங்கத்தைத் திட்டி, பள்ளிக்கூடத்தைத் திட்டி, தன்னையும் திட்டி முடித்துவிடுவார்கள். 'பேட் பிரெய்ன்ஸ்', 'மைனர் த்ரெட்' என்றெல்லாம் குழுக்கள். 'டீன் ஐடில்ஸ்' என்று ஒரு குழு, கலைந்துபோன பிறகு, கச்சேரிகளில் சேர்ந்த காசைப் போட்டு ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தது. அதற்காகத் தொடங்கிய கம்பெனிக்கு வைத்த பெயருக்கே அபஸ்வரம் என்றுதான் அர்த்தம்: 'டிஸ்கார்ட்'. தட்டுக்கான உறையை நண்பர்கள் உட்கார்ந்து கையால் மடித்து ஒட்டினார்கள்.

அந்தத் தட்டுகள், ஒலிநாடாக்கள், கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த நோட்டீஸ்கள் எல்லாம் இப்போது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில். யாரும் போய்ப் பார்க்கலாம்.

'அது அமெரிக்கா சார், பணம் இருக்கு, பொழுது போகலை, செய்றாங்க' என்பீர்கள். சரி. நான் கேட்பது காரைக்காலைப் பற்றி.

காரைக்காலில் ஏது பங்க்? கிடாரும் கிடையாது, கிழிந்த ஜீன்ஸும் கிடையாது. ஆனால் அந்த இசையின் சமையல் குறிப்பைப் பாருங்கள். பெரிய கம்பெனி கிடையாது. பயிற்சிக்கூடம் கிடையாது. கையில் கிடைத்த கருவி, தெருவே மேடை, வயிற்றெரிச்சலே பாட்டு. பெரிய மனிதர்கள் முகம் சுளிக்க வேண்டும். பதிவு செய்வதும் பிரதி எடுப்பதும் தெரிந்தவர்களுக்குள்ளேயே நடக்க வேண்டும். இது அத்தனையும் இந்தக் கடற்கரையில் இருந்தது. சாவு வீட்டுப் பறை, திருவிழாவில் நையாண்டி மேளம், கந்தூரி ராத்திரிகளில் பாட்டுக் கச்சேரி, தேர்தல் மேடையில் எதிர்க்கட்சிக்காரனைக் கிழிக்கும் பாட்டு, கூலி கேட்ட வயல் தொழிலாளியின் பாட்டு. திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டாத விசேஷம் உண்டா?

1980-களில் கேசட் மலிவானபோது இவை எல்லாம் நாடாவில் ஏறின. ஏற்றியவர் யார்? மைக்செட்காரர். ஆம்ப்ளிஃபையரில் ஒரு வயரைச் செருகி டேப்ரெக்கார்டரில் விட்டால் முடிந்தது. பிறகு அதிலிருந்து பத்து பிரதி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பெட்டியில் ஒன்றிரண்டு. 'பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டிய கடைகளில் இளையராஜாவோடு இதுவும் ஓடியது. உறைக்குள் இருக்கும் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் நாலு வரி. சில சமயம் அதுவும் கிடையாது. 'திருவிழா, இரண்டாம் நாள்' என்று மட்டும் இருக்கும். எந்த வருஷம், எந்த ஊர், அடித்தது யார்? அது அந்த மைக்செட்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தச் சத்தத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு பாட்டைச் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் தாண்டிப் போனால் கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவில் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட ஊர். அந்த நெருப்பைப் பற்றிக் கவிஞர் இன்குலாப் எழுதியது 'மனுசங்கடா' பாட்டு. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது கே.ஏ.குணசேகரனின் குரல். அவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். ஆனால் அந்தக் குரலைப் பெரும்பாலோர் கேட்டது பல்கலைக்கழகத்தில் அல்ல. தெருமுனையில், சங்கக் கூட்டத்தில், இரவல் வாங்கிய கேசட்டில். இருவருமே 2016-ல் காலமானார்கள். ஜனவரியில் குணசேகரன், டிசம்பரில் இன்குலாப். அடுத்த ஆண்டு இன்குலாபுக்குச் சாகித்ய அகாதமி விருது அறிவித்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாட்டின் கோபம் வீட்டிலும் இருந்திருக்கிறது!

குணசேகரனாவது பேராசிரியர், புத்தகம் எழுதியவர், பெயர் பெற்றவர். பக்கத்து ஊர் நாகூர் ஹனிபாவின் குரலைக் கம்பெனிகள் தட்டில் பதித்தன, அதனால் தப்பித்தது. 2015-ல் அவர் மறைந்த பிறகும் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். ஆனால் இப்படிப்பட்ட மேடைகளில் அவருக்கு முன்னால் ஏறி அரைமணி நேரம் பாடிவிட்டு இறங்கிய உள்ளூர்க்காரன் எங்கே? குணசேகரனின் பாட்டைக் கேட்டு, மறுநாளே தன் தெரு வழக்கில் நாலு வரி கட்டிப் பாடிய இளைஞன் எங்கே? அவன் இருந்தது ஒரே ஒரு நாடாவில். அந்த நாடா எங்கே?

நான் சொல்லட்டுமா? நாற்றங்காலில்.

கிராமத்துப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கேசட்டை உடைத்து, நாடாவை உருவி, வயலின் குறுக்கே குச்சிக்குக் குச்சி கட்டுவார்கள். வெயிலில் மினுக்கும், காற்றில் 'ங்ங்' என்று அதிரும், குருவி வராது. ஒரு மனிதனின் பாட்டு குருவி விரட்டப் போனது! கட்டிய விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது குப்பை என்று சொல்லிக் கொடுத்தது நாம்தான். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது, பழைய கேசட்டுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மிச்சத்தை 2004 டிசம்பர் 26 பார்த்துக்கொண்டது. பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் கடல் உள்ளே வந்தபோது உயிரை எண்ணவே நேரம் இல்லை. டேப்ரெக்கார்டரை யார் எண்ணுவார்கள்?

உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்களாம். அதைப் படித்து 'அய்யோ, என்ன ஜனங்க!' என்று உச்சுக் கொட்டுகிறோம். அந்த ஜனங்களுக்காவது புண்ணியம் என்று ஒரு சாக்கு இருந்தது. நமக்கு என்ன சாக்கு? அலமாரியில் இடம் இல்லை என்பதா?

சுவடி முந்நூறு வருஷம்கூடத் தாங்கும். நாடா தாங்காது. பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையில் குழைத்துப் பூசிய இரும்பு ஆக்சைடு, அவ்வளவுதான் அது. ஈரம் பட்டால் பசை இளகும். டெல்டா கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? பூஞ்சை பிடிக்கும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். 90 நிமிஷ கேசட்டின் நாடா 60 நிமிஷத்தைவிட மெல்லியது, சீக்கிரம் சிக்கி அறும். நம் மைக்செட்காரர்கள் முழு ராத்திரியையும் பிடிக்க வேண்டும் என்று விரும்பிப் போட்டது அந்த 90-ஐத்தான். இன்னொரு பக்கம், நாடாவை ஓட்டும் நல்ல இயந்திரம் குறைந்துகொண்டே போகிறது. ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவருக்கு வயசாகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது: 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை போனதுதான் என்று. யுனெஸ்கோவும் பின்னர் இதே மணியை அடித்தது. அந்தக் கெடு தாண்டிவிட்டது. இப்போது நாம் வாழ்வது போனஸ் நாட்களில்.

இதைச் சொன்னதும் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள்.

முதல் ஆள்: 'அது வெறும் சத்தம் சார். தேவாரத்தைக் காப்பாத்துங்க, நாகஸ்வரத்தைக் காப்பாத்துங்க. டண்டணக்காவை ஏன்?'

இவருக்கு நான் காரைக்கால் அம்மையாரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பழத்தை வாரி இறைக்கிறோம், ஓடிப் பிடிக்கிறோம். அந்தப் பெண்ணின் மீதிக் கதை என்ன? அழகு வேண்டாம் என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அவர் கேட்ட இசை கோயில் மண்டபத்து இசையா? சுடுகாட்டு இசை! திருவாலங்காட்டில் பேய்கள் போடும் ஆட்டத்துக்கு என்னென்ன கருவி ஒலித்தது என்று ஒரு பட்டியலே பாடி வைத்திருக்கிறார். தமருகம், கொக்கரை, தக்கை, தகுணிதம், மொந்தை, குடமுழா... இந்த ஊரின் முதல் பாட்டுக்காரி, மரியாதைப்பட்டவர்கள் ஒதுக்கிய சத்தத்துக்குப் பக்கத்தில்தான் போய் நின்றார். இப்போது அந்தத் தகுணிதத்தை அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் யார் வருவார்கள்? பெயர் இருக்கிறது, ஒலி இல்லை. ஆறாம் நூற்றாண்டில் ரெக்கார்டர் இல்லை, மன்னிக்கலாம். 1986-ல் இருந்தது.

இரண்டாவது ஆள்: 'எல்லாம் யூடியூப்ல இருக்கு சார்.'

இல்லை. இருக்கிற கொஞ்சமும் பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், பிழிந்து சுருக்கிய ஒலியில், மேலே ஒரு ரோஜாப்பூ படத்தோடு இருக்கிறது. ஏற்றியவர் பாஸ்வேர்டை மறந்தால் அது அநாதை. ஏதோ ஒரு கம்பெனி உரிமை கொண்டாடினால் மறுநாள் காணோம். கடைத்திண்ணையில் பணத்தை வைத்துவிட்டு பாங்கியில் போட்டிருக்கிறேன் என்று சொல்வீர்களா?

மூன்றாவது ஆளின் கேள்விக்குத்தான் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்பது இது: 'சாவுக்குப் பறையடி என்று எங்களைக் கட்டாயப்படுத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தக் கருவியைத் தொடக்கூடாது என்றுதான் விட்டோம். இழிவைக் காப்பாற்றச் சொல்கிறீர்களா?'

நியாயமான கோபம். அடிக்க மாட்டோம் என்று பறையை வீசியவர்களின் போராட்டமும் இந்த மண்ணின் வரலாறுதான். அதே பறையைக் கையில் எடுத்து விடுதலைக் கருவி ஆக்கியவர்களும் அதே மக்கள்தான். 2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே பட்டியலில் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்தியும் இருந்தார். பறையும் தவிலும் ஒரே வரிசையில். ஆனால், பழைய ஒலிகளை என்ன செய்வது என்ற முடிவு அடித்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உரியது. எனக்கோ பேராசிரியர்களுக்கோ கலெக்டருக்கோ உரியது அல்ல. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1994-ல் செய்த திருத்தம், நிகழ்த்தும் கலைஞனுக்கும் தன் நிகழ்ச்சி மேல் உரிமை உண்டு என்று சேர்த்தது. ஆகவே கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், பெயர் போட வேண்டும், காசு வந்தால் பங்கு கொடுக்க வேண்டும். 'இது பொதுவில் வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் பூட்டி வைக்க வேண்டும். ஆனால் பூட்டி வைக்கவாவது ஒலி உயிரோடு இருக்க வேண்டுமே? நாடா செத்துப்போனால், வேண்டும் என்று சொல்லும் உரிமையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் சேர்ந்தே போகும்.

நம் அறிஞர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேர்த்தார்கள், பெரிய காரியம். பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேர்த்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சை சரசுவதி மகால் 'மலையருவி' என்று 1958-ல் வெளியிட்டது. நா.வானமாமலை தொகுத்தார். இவர்கள் இல்லாவிட்டால் சொல்லும் போயிருக்கும். ஆனால் காகிதத்தில் ஏறியது சொல் மட்டும்தான். பாடியவரின் மூச்சு எங்கே வாங்கியது, எந்த இடத்தில் குரல் உடைந்தது, பின்பாட்டுக்காரி எந்த அடியில் சேர்ந்தாள் என்பதெல்லாம் அச்சில் ஏறாது. அந்த நாளில் ஒலிப்பதிவுக் கருவி லாரி பாரம், மன்னிக்கலாம். டேப்ரெக்கார்டர் தோளில் தொங்க ஆரம்பித்த பிறகும் பல ஆய்வுகளில் நடந்தது என்ன? பாட்டைப் பதிவு செய்து, வரிகளை எழுதிக்கொண்டு, ஆய்வேடு முடித்துப் பட்டம் வாங்கினார்கள். அந்தக் கேசட்டில் மேலே வேறு எதையோ பதிவு செய்தார்கள்!

சரி, செத்துப்போன குரல்களால் இன்றைக்கு யாருக்கு என்ன லாபம்? சொல்கிறேன். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது பத்திரிகைகள் 'புதுசு, புதுசு' என்று எழுதின. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து சாதியைத் தட்டிக் கேட்ட பாட்டு. நல்ல காரியம். ஆனால் புதுசா? அதற்கு முப்பது வருஷம் முன்பே டெல்டாவில் இரும்புக் குரலோடு பாடியவர்கள் இருந்தார்கள். அவர்களின் நாடா இந்தப் பையன்கள் கைக்குக் கிடைத்திருந்தால் அந்தத் தோளில் ஏறி நின்றிருப்பார்கள். வாஷிங்டனில் இன்று கிடார் எடுக்கும் பொடியன், 1981-ல் தன் தெருவில் என்ன பாடினார்கள் என்று நூலகத்தில் போய்க் கேட்கிறான். காரைக்கால் பையன் ஒவ்வொரு தலைமுறையும் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கிறான். உன் அப்பனும் எதிர்த்துப் பாடியவன்தான் என்ற சேதி பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், யாருக்குச் சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆண்டவர்களின் காகிதம் மட்டும் எப்போதும் பத்திரம். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் காலனிக் கோப்புகள் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆளப்பட்டவர்களின் சத்தத்துக்குத்தான் வீடு கிடையாது. இந்த ஊருக்கு இன்னொரு சாபம் வேறு. சுற்றிலும் தமிழ்நாடு, ஆனால் அரசு புதுச்சேரியில், 130 கிலோமீட்டருக்கு அப்பால். மேளக்காரர் இன்றைக்குத் திருமலைராயன்பட்டினம், நாளைக்கு நாகூர் என்று போவார். ஃபைல் அப்படிப் போகாது.

அரசுக்கு நான் பெரிய கட்டிடம் எதுவும் கேட்கவில்லை. அடிக்கல் நாட்டி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கேட்பது மூன்று. காரைக்கால் நூலகத்தில் ஈரம் புகாத ஓர் அறை, நன்றாகச் சர்வீஸ் செய்த இரண்டு கேசட் டெக், சம்பளத்துக்கு ஓர் ஆள். காரைக்கால் வானொலி தன்னிடம் இருக்கும் உள்ளூர்ப் பதிவுகளின் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நாலு மாணவர்களை மைக்செட் கடைகளுக்கு அனுப்பட்டும், முதியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்தார். ஊர் சிரித்திருக்கும். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதை வைத்துத்தான் சென்னையில் 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்தது. 2005-ல் ஈழத்தமிழ் இளைஞர்கள் 'நூலகம்' என்று இணையத்தில் தொடங்கி, தன்னார்வலர்களை வைத்தே ஆயிரக்கணக்கான ஆவணங்களைக் காப்பாற்றிவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு அரசாணை போடவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. பரணில் பழைய கேசட் பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். கடையில் விற்ற சினிமாப் பாட்டை விடுங்கள், அது வேறு எங்கும் கிடைக்கும். கையால் எழுதிய அட்டை உள்ளதைத் தனியே எடுங்கள். பின்பக்கம் இருக்கும் இரண்டு பற்களை உடைத்துவிடுங்கள், மேலே எதுவும் பதிவாகாது. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் தின்றுவிடும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3 வேண்டாம், 24 பிட்டில் வேவ் கோப்பாக ஏற்றுங்கள். மூன்று பிரதி எடுங்கள், அதில் ஒன்று கடலுக்குத் தூரமான ஊரில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுப் பெரியவரை உட்கார வைத்துக் கேட்க விடுங்கள். 'இது நம்ம தெரு ஆளுதான், பேரு...' என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள்.